கேட்டில் ஒரு பெயர், சீட்டில் ஒரு பெயர்

ஓசூரில் விடிவதற்கு முன்பே பஸ்கள் கிளம்பிவிடுகின்றன. பாகலூர் சாலை, தேன்கனிக்கோட்டை சாலை, ராயக்கோட்டை சாலை என்று எங்கே நின்றாலும், முன்கண்ணாடியில் கம்பெனிப் பெயர் ஒட்டிய பஸ் ஒன்று வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பெயரைத்தான் ஊரில் சொல்வார்கள். "பையன் இன்ன கம்பெனியில இருக்கான்" என்று சொந்தக்காரர்களிடமும், பெண் பார்க்கும்போது தரகரிடமும் அதே பெயர். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தூங்கி வழிகிறவர்களின் கழுத்தில் தொங்கும் அட்டைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சங்கதி வேறு. ஒரே பஸ்ஸில் நாலைந்து பெயர்கள் இருக்கும். ஒருவருடையது கம்பெனியின் அட்டை, பக்கத்தில் இருப்பவருடையது ஒரு கான்ட்ராக்டரின் அட்டை, பின்னால் இருக்கிற பையனுடையது அப்ரண்டிஸ் அட்டை. மாதக் கடைசியில் வரும் சம்பளச் சீட்டிலும் அப்படித்தான் பெயர்கள் பிரியும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் கம்பெனியைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள் என்று கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் வகுப்பு எடுப்பவர்கள் சொல்லித் தருகிறார்கள். எந்த ஆண்டு தொடங்கியது, என்ன தயாரிக்கிறது, தலைவர் யார், அவர்களுடைய 'விஷன்' என்ன என்பதையெல்லாம் படித்துவைத்து இன்டர்வியூவில் சமயம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நல்ல யோசனைதான். ஆனால் வேலை தரப்போவது யார் என்பது ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். இந்தக் கர்நாடக எல்லைப் பகுதியில் ஆராய்ச்சி அதற்கும் ஒரு படி முன்னால் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கேட்டில் பெரிதாக எழுதியிருக்கும் கம்பெனிதான் எனக்குச் சம்பளம் தரப்போகிறதா? இதற்குப் பதில் தெரியாமல் அந்தக் கம்பெனியின் வரலாற்றை மனப்பாடம் செய்வது வேறொருவர் ஜாதகத்தைப் பார்த்துப் பெண் கேட்கப் போவது போல.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த அடுக்குகள் சட்டென்று பிடிபடாது. மேலே 'பர்மனென்ட்'. அப்புறம் டிரெய்னி, எஃப்.டி.இ. (குறித்த காலத்துக்கு மட்டும் வேலை), அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட். எல்லோரும் ஒரே லைனில் நிற்கலாம், ஒரே போல்ட்டை முடுக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் வேறு வேறு பிறவிகள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. 2019-இல் திருத்திய விதிகளின்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு அது மாதம் குறைந்தது 7,000 ரூபாய். பி.எஃப். பிடித்தம் கிடையாது, அதனால் பி.எஃப். சேமிப்பும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கான்ட்ராக்டில் வருபவருக்குப் பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் அவருடைய முதலாளி கேட்டுக்கு வெளியே எங்கோ ஒரு மாடி அறையில் அலுவலகம் வைத்திருப்பவர். அடுத்த ஆண்டு டெண்டர் கைமாறினால் முதலாளியும் மாறிவிடுவார். வேலையும் மெஷினும் கேன்டீனும் மாறாது.

இதோடு ஒட்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல நோக்கத்தோடு எழுதிய சட்டம். அந்த எண்ணைச் சட்டப் புத்தகம் பார்க்காத பையன்கள்கூட இங்கே தெரிந்து வைத்திருக்கிறார்கள். சட்டம் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமே ஆளை நிறுத்தி, 'பிரேக்' கொடுத்து, வேறு பெயரில் திரும்ப எடுக்கும் வழக்கத்தின் மூலமாகத்தான் அது அவர்களுக்குத் தெரியவந்தது என்பதுதான் வேடிக்கை. ஆகவே ஒரு கம்பெனியைப் பற்றி விசாரிக்கிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, "அங்க ரெண்டு வருஷம் தாண்டினவங்க யாராவது இருக்காங்களா?" என்பது. எந்த வலைத்தளத்திலும் இதற்குப் பதில் இருக்காது.

அந்தப் பதில் இருப்பது பேச்சில். டீக்கடையில், வாடகை ரூமில், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில். ஜூஜுவாடியிலோ மூக்கண்டப்பள்ளியிலோ ஒரு அறையில் தங்கியிருக்கும் பையன்கள் ஆளுக்கொரு கம்பெனியில் இருப்பார்கள். அந்த ஒரு அறைக்கே சிப்காட் தொழிற்பேட்டையின் பாதி தெரியும். "கையில எவ்வளவு வரும்?" "ஓ.டி. உண்டா, ஓ.டி.க்கு டபுள் தர்றாங்களா சிங்கிளா?" "சம்பளம் எந்தத் தேதி விழும்?" "சாப்பாடு எப்படி?" "நின்னுக்கிட்டே வேலையா?" "சூப்பர்வைசர் எந்த ஊர்க்காரரு?" கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில், இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்ட ஊரில், எந்த மொழியில் திட்டு வாங்கப்போகிறோம் என்பது வேலை நிலைமையில் ஒரு பகுதிதான். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி. அங்கே கையில் கொஞ்சம் கூட வந்தாலும் வாடகையில் போய்விடும் என்ற கணக்கையும் இந்த ரூம்களில்தான் போடுகிறார்கள். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவன வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களிடையே அப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: "அந்தப் பக்கம் நம்மள இன்னும் எத்தனை நாள் வச்சிருப்பாங்க?"

போய்வந்தவன் போகப்போகிறவனுக்குச் சொல்வது என்ற இந்த ஏற்பாடு தமிழுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி, யாரிடம் போகலாம், எந்த வழியாகப் போகலாம், வழியில் எந்த நிலத்தில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று விரிவாகச் சொல்கிறான். கையில் எவ்வளவு வரும் என்பது உட்பட. அதைப் புரவலர் புகழ் பாடும் இலக்கியமாக மட்டுமே நாம் படித்துவிட்டோம். வேலை தேடும் கூட்டம் தனக்குள் கைமாற்றிக்கொண்ட தகவல் ஏற்பாடு அது என்றும் படிக்கலாம். ஆனால் ஒரு குறை. ஆற்றுப்படையில் கெட்ட புரவலர் கிடையாது. "அங்கே போகாதே" என்று அந்தப் பாட்டுகள் சொல்வதில்லை. அதற்குப் புறநானூற்றுக்குப் போக வேண்டும். பெருந்தலைச்சாத்தனார் என்ற புலவர், இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒன்றாக இருந்த இடத்துக்குப் போகிறார். முன்னவனைத் தழுவிக்கொள்கிறார், பின்னவனைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம், அவனுடைய முன்னோர் வழியில் பாடி வந்தவர்களுக்குக் கதவை அடைத்த கதை. நிர்வாகத்தின் பழைய சரித்திரத்தை நினைவில் வைத்திருந்து முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். டீக்கடை ஞானம் ஆற்றுப்படையைவிட இந்தப் பாட்டுக்குத்தான் நெருங்கிய உறவு. அதன் மதிப்பே வசையில் இருக்கிறது.

எதிர்த்திசையில் நடக்கும் ஆராய்ச்சிக்கு இன்னும் பெரிய மரியாதை உண்டு. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்கள். அரசன் ஒருவனை எப்படிச் சோதித்து வேலைக்கு எடுப்பது, எடுத்தபின் எந்த வேலையை அவனிடம் விடுவது என்று இருபது குறள்கள். வேலைக்குப் போகிறவன் அரசனை எப்படிச் சோதிப்பது என்பதற்கு அதிகாரம் இல்லை. போனபின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' இருக்கிறது. வள்ளுவரைக் குறை சொல்லவில்லை. அவர் எழுதியது பொருட்பால். அரசன் பக்கம் உட்கார்ந்து எழுதியது. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு இன்றும் அப்படியே இருக்கிறது. வேலைக்குப் போகிறவன் ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு, சில இடங்களில் காவல் துறையின் நன்னடத்தைச் சான்று என்று தன்னைத் தாளில் பரப்பிவைக்கிறான். 2014-இல் பி.எஃப். அமைப்பு யு.ஏ.என். என்ற ஒற்றை எண்ணைக் கொண்டுவந்த பிறகு, அவன் முன்பு எங்கே எத்தனை மாதம் இருந்தான், எப்போது விட்டான் என்பதெல்லாம் அந்த எண்ணின் பின்னாலேயே வருகிறது. சண்டை போட்டு வெளியேறிய மூன்று மாத வேலையை மறைக்கலாம் என்று நினைக்கிறவனை அது காட்டிக்கொடுத்துவிடும். பெண்களை இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் கோக்கும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியில் என் கண்ணில் பட்டது, ஆள் பிடித்துத் தந்த ஏஜென்சிகளின் பங்கு. கேட்டில் பெயர் எழுதியிருந்தவர்கள் நேரடியாகக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஓசூர் முன்பு இப்படி இருக்கவில்லை. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் தன் ஆரம்பகால வளாகங்களில் ஒன்றை இங்கே அமைத்தது. பின்தங்கிய மாவட்டத்துக்கான சலுகைகளும், மலிவான நிலமும், கூப்பிடு தூரத்தில் பெங்களூரும் இருந்தன. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்தன. டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் வெளியே போனது. அப்புறம் டைட்டன். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்து 1984-இல் தொடங்கிய கம்பெனி. செர்க்சஸ் தேசாய் தலைமையில், கைக்கடிகாரம் என்றால் என்னவென்று தொழில்ரீதியாகத் தெரியாத ஒரு வட்டாரத்தில் ஆலை கட்டினார்கள். பழகிய கைகளை வெளியூரிலிருந்து கொண்டுவருவதைவிட, இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். கம்பெனி பள்ளிக்கூடத்தைத் தேடி வந்தது. அந்தத் தலைமுறையின் பெற்றோர் அதிகம் விசாரித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அரசாங்கமே பங்குதாரர், சம்பளம் தருவதும் அதே கம்பெனி. டிட்கோ இன்றும் டைட்டனின் பெரிய பங்குதாரர். இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கும் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். ஆனால் "எங்கே வேலை?" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடிந்த காலம் அது. அந்த நினைவுதான் இப்போது ஆபத்து. அப்பாவின் காலத்தில் கேட்டில் இருந்த பெயரை நம்பினால் போதும். பிள்ளையிடமும் அப்பா அதையேதான் சொல்கிறார்: "பெரிய கம்பெனிடா, கண்ண மூடிட்டுப் போ."

கண்ணைத் திறந்து பார்ப்பதற்குத் தாள்கள் இருக்கின்றன. ஆனால் அவை வேறு யாருக்காகவோ எழுதப்பட்டவை. போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் ஆலையை எடுத்துக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம்: 2,400 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை. 2021 செப்டம்பரில், ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று நிறுவனர் பவிஷ் அகர்வால் அறிவித்தார். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கத்துப் பெண் பிள்ளைகளின் வீடுகளில் அந்த அறிவிப்பு என்னவெல்லாம் கிளப்பியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. 2024 ஆகஸ்டில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 72 முதல் 76 ரூபாய் விலை, குறைந்தது 195 பங்கு வாங்க வேண்டும். 76 ரூபாய்க்கு அது 14,820 ரூபாய். அந்தத் தொகையைப் போடுகிறவருக்காகச் சட்டம் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு விவரக்குறிப்பு எழுத வைக்கிறது. கம்பெனிக்கு என்னென்ன ஆபத்து, எந்த வழக்கு நிலுவையில், ஆட்கள் என்ன வேகத்தில் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பது வரை சொல்லியாக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பங்கை மறுநாளே விற்றுவிடலாம். அதே ஆலையில் லைனுக்குப் போகிற பெண் போடுவது தன் இருபது வயதை. அவளுக்கு விவரக்குறிப்பு எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பணத்தை ஏமாற்றினால்தான் ஏமாற்று என்று நம் சட்டங்களை எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள் போலும்.

ஆனால் முதலீட்டாளருக்காக எழுதியதை அவள் படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021-இல் ஓர் ஏற்பாடு செய்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் கம்பெனிகள், 2022-23 முதல், பொறுப்பும் நீடித்த தன்மையும் பற்றிய ஓர் அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெயரைப் பார்த்தால் மரம் நட்ட கதை என்று தோன்றும். அதிலும் முக்கால்வாசி அப்படித்தான். ஆனால் முதல் பகுதியிலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. தொழிலாளர் எத்தனை பேர், அதில் நிரந்தரம் எத்தனை, நிரந்தரமல்லாதவர் எத்தனை, ஆண் பெண் எத்தனை. அடுத்து, மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் பேர் விலகினார்கள். உள்ளே போனால் சங்கத்தில் எத்தனை பேர், விபத்து எத்தனை, மரணம் எத்தனை, பாலியல் தொல்லைப் புகார் எத்தனை. டைட்டன், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார் எல்லாமே இந்த வளையத்துக்குள் வருபவை. 'விஷன்' பக்கத்தை விட்டுவிட்டு இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகிற பையனை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்த அறிக்கை ஆங்கிலத்தில், ஆண்டறிக்கையின் நடுவில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். அது மொத்தக் கம்பெனிக்கும் சேர்த்த கணக்கு, ஓசூர் ஆலைக்கு மட்டுமானது அல்ல என்பது இன்னொன்று.

பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத கம்பெனிகளுக்கு அதுவும் கிடையாது. கேலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஒரு பிரைவேட் லிமிடெட். சிட்கோ பேட்டையில் ஷெட் போட்டு லேத்தும் சி.என்.சி.யும் ஓட்டுகிற, ஐ.டி.ஐ. பையன்கள் பெரும்பாலோர் முதல் வேலைக்குப் போகிற சின்னக் கம்பெனிகளைப் பற்றி யார் அறிக்கை எழுதப்போகிறார்கள்? அங்கேதான் நான் மிகவும் மதிக்கும் ஓர் எளிய கருவி உதவுகிறது. பி.எஃப். அமைப்பின் வலைத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். கடவுச்சொல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். அந்த நிறுவனம் எந்தெந்த மாதத்துக்குப் பணம் கட்டியது, எந்தத் தேதியில் கட்டியது, எத்தனை பேருக்குக் கட்டியது என்று வரிசையாக வரும். கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. பதினைந்துக்குள் வழக்கமாகக் கட்டிவந்தவர் திடீரென்று இருபதுக்கும் முப்பதுக்கும் நகர்ந்தால், சம்பளத் தேதியும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். "எங்களிடம் முந்நூறு பேர்" என்று சொல்கிறவர் நாற்பது பேருக்குக் கட்டினால் மீதிப் பேர் யார் பெயரில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். கான்ட்ராக்டரின் பெயரையும் இதே இடத்தில் தேடலாம், பெயர் தெரிந்திருந்தால். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் கான்ட்ராக்ட் நிறுவனம் எந்த ஆண்டு பதிவானது, இயக்குநர்கள் யார் என்பதும் கிடைக்கும். நேற்றுப் பதிவான நிறுவனம் பத்தாண்டு அனுபவம் பேசினால் பழைய பெயர் ஒன்று எங்கோ புதைந்திருக்கிறது என்று அர்த்தம். யு.ஏ.என். வழியாக நம்மைத் துருவுகிற அதே அமைப்பு, எதிர்த்திசையிலும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த ஜன்னலைப் பற்றி எந்த வேலைவாய்ப்பு முகாமிலும் ஒரு தட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டியதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் கைவிரித்தால் அதைத் தர வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது கேட்டில் பெயர் உள்ளவருக்கு, உண்டு. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த நான்கு தொகுப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்கு இருக்கும் சண்டை நியாயமானது. அதை இங்கே ஒரு பத்தியில் முடிக்க முடியாது. ஆனால் அவற்றில் ஒன்று வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. அந்தத் தாளில் யார் பெயர், எந்தப் பதவி, எவ்வளவு காலம் என்பது இருந்துவிட்டால் நான் இதுவரை சொன்னதில் பாதி தேவையில்லாமல் போகும். சேர்ந்த பிறகு கையில் கிடைக்கும் தாள் அது என்பதுதான் இடிக்கிறது.

தூரத்திலிருந்து வருகிறவர்களை நினைத்தால் டீக்கடை ஞானம்கூட ஒரு சொத்து என்று தெரிகிறது. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே வரும் ஐஃபோன் தொடர்பான ஆலையில் 60,000 பேர் வேலை பார்ப்பார்கள், முதலில் வரும் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் என்று பேசினார். ஹசாரிபாக்கில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு ஓசூரைப் பற்றி யார் சொல்வார்கள்? எதிரே வரும் பாணன் அவளுக்கு ஏஜென்ட் மட்டும்தான். அந்த ஏஜென்டுக்கோ தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அவளுக்கு வேலை மட்டும் கம்பெனி அல்ல. தங்கும் விடுதி, தண்ணீர், பஸ், இரவுச் சாப்பாடு, குளியலறைத் தாழ்ப்பாள் எல்லாமே கம்பெனிதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண்கள் சாலையை மறித்தது சம்பளத்துக்காக அல்ல, விடுதிச் சாப்பாட்டுக்காக. 2025 நவம்பரில் ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில், டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் மறைகேமரா இருந்தது தெரிந்ததும், பெருந்திரளாக வெளியே வந்து போராடினார்கள். மறைகேமரா வைத்தது தொடர்பாகக் காவல் துறை கைது செய்து வழக்குப் பதிந்தது. செபி கேட்கும் அந்த அறிக்கையில்கூட விடுதிக்கு என்று ஒரு பக்கம் கிடையாது. விடுதியை நடத்துவது யார் என்று கேட்டால் அங்கேயும் இன்னொரு பெயர் வரலாம்.

தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பக்கத்துத் தர்மபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் ஆண்ட ஊர். அதியமான் பரிசில் தராமல் நாள் கடத்தியபோது ஔவை அவனுடைய வாயிற்காவலனைப் பார்த்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. உங்கள் தலைவனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, கோடாலியோடு காட்டுக்குப் போகிற தச்சன் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் மரம்தான், எனக்கும் அப்படித்தான் என்று யாழைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கேட் செக்யூரிட்டியிடம் அப்படிப் பேசிவிட்டு வர யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் ஔவைக்கு பைக் டியூ கிடையாது, தங்கையின் காலேஜ் ஃபீஸ் கிடையாது. எல்லாம் தெரிந்த பிறகும் அந்தக் கான்ட்ராக்ட் வேலைக்கே போக வேண்டிய நிலையில்தான் நம் பிள்ளைகளில் பலர் இருக்கிறார்கள். என்றாலும் தெரிந்து போவதற்கும் தெரியாமல் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தெரிந்தவன் பதினாறு மாதத்தில் நிறுத்தப்படும்போது தன் திறமையைச் சந்தேகிக்க மாட்டான். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பான். முதல் மாதத்திலிருந்தே அடுத்த வேலையைத் தேடத் தொடங்கியிருப்பான். கான்ட்ராக்டை நம்பி வீட்டுக் கடன் வாங்கமாட்டான்.

அரசின் அறிவிப்புகளும் மாறலாம். புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் முதலீடு இத்தனை கோடி, வேலை இத்தனை ஆயிரம் என்று இரண்டு எண் வருகிறது. அந்த இரண்டாவது எண்ணைக் கம்பெனியின் சொந்தப் பட்டியலில் இத்தனை, வெளிப்பட்டியலில் இத்தனை என்று இரண்டாகப் பிரித்துப் போடுவதற்கு ஒரு பைசா செலவாகாது. நிலமும் தண்ணீரும் சலுகை மின்சாரமும் கொடுக்கிற இடத்தில் இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

இன்டர்வியூ முடியும் நேரத்தில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்பார்கள். "இல்ல சார்" என்று சொல்வதுதான் மரியாதை என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த ஒரு பெண் சமீபத்தில் அப்படிச் சொல்லவில்லை. "சம்பளச் சீட்டு யார் பேர்ல சார் வரும்? அவங்க பேர் கொஞ்சம் ஸ்பெல்லிங்கோட சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். ஹெச்.ஆர். நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "இதெல்லாம் யாரும்மா உன்னக் கேக்கச் சொன்னது?"

"யாரும் இல்ல சார். பஸ்ல பேசிக்கிட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து தேடினாள். இரண்டு ஆண்டாக ஒரு மாதம்கூடப் பதினைந்தைத் தாண்டவில்லை. வேலைக்குப் போகிறாள், கான்ட்ராக்டில்தான். இந்த வாரம் பி ஷிஃப்ட்.